நடைப்பிணங்களும் தோட்டங்களும்: ஸொம்பித் திரைப்படங்கள் பற்றியதொரு வரலாற்று நோக்கு

‘நடைப்பிணம்’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. உயிரோடிருந்தும் உணர்வும் முயற்சியும் அற்றுப்போனவனை நம் முன்னோர் அவ்வாறு அழைத்தனர். உயிருள்ளவனைப் பிணமாகக் காண்பது அச்சொல்லின் இயல்பு. பிணத்தை எழுப்பி உயிருள்ளது போல நடக்கவிடுவது இருபதாம் நூற்றாண்டுத் திரைப்படம் பரப்பிய கற்பனை. ஆங்கிலம் வழியாக ‘ஸொம்பி’ என நாம் அறிந்துள்ள அவ்வுருவத்துக்கும் எமது பழஞ்சொல்லுக்கும் இடையிலுள்ள தூரம் வெளித்தோற்றத்துக்குத் தெரியுமளவு பெரிதன்று. அத்தூரத்தைக் கடக்கும் பாதை தோட்டங்களினூடாகச் செல்கின்றது என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இப்படங்கள் இன்று எமது மாணவர் விடுதிகளிலே மடிக்கணினியிலும் கைத்தொலைபேசியிலும் விடிய விடியப் பார்க்கப்படுகின்றன. பார்த்தபின் எழும் வாதங்களோ பெரும்பாலும் ஒரே தடத்திற் செல்பவை. மெதுவாக நடக்கும் பிணம் அச்சந் தருவதா, ஓடிவரும் பிணம் அச்சந் தருவதா என்பர் சிலர். நோய் எங்கிருந்து வந்தது என்பதைப் படம் விளக்கவேண்டுமா, விளக்காது விடுதலே நன்றா என்பர் வேறு சிலர். இவ்விரு வாதங்களும் உலகெங்கும் உள்ளவை. ஆயின் தமிழ்ப் பார்வையாளரிடமிருந்து மட்டும் எழும் குறையொன்று உண்டு. பேய்க்கு ஒரு நியாயம் இருக்கிறது, ஸொம்பிக்கு என்ன நியாயம் என்று விடுதி நண்பரொருவர் கேட்டார். வேடிக்கையாகக் கேட்கப்பட்ட கேள்வியாயினும் அது வரலாற்றுக் கேள்வியே. ஸொம்பிக்கும் ஒரு நியாயம் இருந்தது. அதனைத் திரைப்படம் எங்கே தொலைத்தது என்பதைத் தேடினால், இவ்வகைப் படங்களுள் எவை தேறுகின்றன, எவை தேறவில்லை என்பதற்கும் ஓரளவு விடை கிடைக்கும்.

ஸொம்பி பிறந்த இடம் கரீபியன் கடலிலுள்ள ஹெயிற்றி. பிரெஞ்சுக்காரர் அதனைச் சென் டொமிங் என்ற பெயரில் ஆண்டபோது, சீனியாலும் கோப்பியாலும் உலகின் மிகச் செல்வங்கொழித்த குடியேற்ற நாடாக அது விளங்கிற்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஆபிரிக்க அடிமைகள் அங்கு உழைத்தனர். இறந்தபின் தம் ஆவி கடல் கடந்து மூதாதையரின் ஆபிரிக்க மண்ணுக்கு மீளும் என்பது அவர்களது நம்பிக்கை. சாவு அவர்களுக்கு விடுதலை. ஆகவே, செத்த பின்னரும் எவனோ ஒருவன் மந்திரத்தால் எழுப்பித் தன் வயலில் வேலை வாங்குவான் என்பதைவிடக் கொடிய அச்சம் அவர்களுக்கு இருந்திருக்க முடியாது. 1791இல் கிளர்ந்தெழுந்த அம்மக்கள் 1804 சனவரி முதலாந் திகதி சுதந்திர நாடொன்றை அமைத்தனர். ஆயினும் அந்த அச்சம் கதைகளில் நிலைத்தது. ஹெயிற்றி மக்கள் ஸொம்பியைக் கண்டு அஞ்சியதில்லை. தாம் ஸொம்பியாக்கப்படுவதற்கே அஞ்சினர். இவ்வேறுபாடு மிக முக்கியமானது.

இவ்விடத்திற் சற்றே விலகி எமது நாட்டை நோக்குவோம். ஹெயிற்றியை அழித்த அதே கோப்பிதான் எம்மவரை இங்கே கொணர்ந்தது. சென் டொமிங்கிலே கோப்பித் தோட்டம் வைத்திருந்து, புரட்சியின்பின் அதனை இழந்த லபோறி என்பவர் எழுதிய நூலொன்று 1798இல் இலண்டனில் வெளியாயிற்று. இலங்கையின் தொடக்ககாலக் கோப்பித் துரைமாருக்கு அந்நூல் வழிகாட்டியாக விளங்கியது. யமேக்காவில் தொழில் பயின்ற றைற்லர் என்னும் துரை 1837இல் இங்கு வந்து மேற்கிந்தியப் பயிர்ச்செய்கை முறையைப் பரப்பினார். மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அங்கே கோப்பி உற்பத்தி வீழ்ச்சியுற்றது. அவ்வீழ்ச்சியே இலங்கைக் கோப்பியின் எழுச்சிக்குத் துணை செய்தது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்து, வழியிலேயே பலர் மாண்ட அந்த நெடும் பயணத்தின் மறுமுனையில் ஹெயிற்றியின் எரிந்த தோட்டங்கள் இருக்கின்றன என்று கூறுவது மிகையாகாது. 1869இல் தலைகாட்டிய இலைநோயால் கோப்பி அழிய, தேயிலை வந்தது. பின்னர் சப்பிரகமுவையின் ஈரமான சரிவுகளில் இறப்பரும் வந்தது. இன்று இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானை, பலாங்கொடைப் பகுதிகளில் இவ்விரண்டும் அடுத்தடுத்து நிற்கக் காணலாம்.

ஸொம்பியை உலகுக்கு அறிமுகஞ் செய்தவர் வில்லியம் சீபுறூக் என்னும் அமெரிக்கப் பயண எழுத்தாளர். 1915 முதல் 1934 வரை ஹெயிற்றி அமெரிக்கக் கடற்படைப் பிரிவினரின் ஆட்சியில் இருந்தது. வீதி அமைப்பதற்கு மக்களைக் கட்டாய வேலைக்குப் பிடிக்கும் பழைய சட்டமொன்று அக்காலத்தில் மீண்டும் உயிர்ப்பிக்கப்பட்டது. இலங்கையில் 1830களின் தொடக்கத்தில் ஒழிக்கப்பட்ட இராசகாரியத்தை ஒத்தது அது. இச்சூழலிலேதான் 1929இல் சீபுறூக்கின் நூல் வெளிவந்தது. பரபரப்பை விரும்பும் எழுத்தாளராகிய அவர் கூறுவதையெல்லாம் வரலாறாகக் கொள்ளல் தகாது. ஆனால் கரும்புத் தோட்டத்திலே வேலைசெய்யும் பிணங்கள் பற்றி அந்நூலில் வரும் அதிகாரத்தைத் தோட்டத்துப் பிள்ளை எவரும் அமைதியாக வாசித்துவிட இயலாது.

கதை இது. 1918ஆம் ஆண்டு, கரும்பு அமோகமாக விளைந்த பருவம். ஹெயிற்றி-அமெரிக்கச் சீனிக் கம்பனி ஆட்களைத் தேடுகிறது. யோசப் என்னும் கிழவன் கந்தல் உடுத்திய ஒரு கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருகிறான். அவர்கள் வெறித்த பார்வையுடையோர். பெயர் கேட்டால் விடை சொல்லார். தூரத்து மலைநாட்டார், இவ்விடத்து மொழி அறியாதார் என்று கூறி யோசப் அவர்களைப் பதிவுசெய்கிறான். பகல் முழுவதும் அவர்கள் கரும்பு வெட்டுகின்றனர். கூலியை யோசப் பெற்றுக்கொள்கிறான். அவன் மனைவி அவர்களுக்கு உப்பில்லாத கூழ் காய்ச்சுகிறாள், ஏனெனில் ஸொம்பி உப்பைச் சுவைத்தல் ஆகாது. ஒரு திருவிழா நாளில் அவள் மனமிரங்கி அவர்களை ஊர் பார்க்க அழைத்துச் சென்று இனிப்பு வாங்கிக் கொடுக்கிறாள். அவ்வினிப்பிற் சேர்ந்த பருப்பில் உப்பு இருந்தது. நாவில் உப்புப் பட்டதும் தாம் இறந்தவர்கள் என்பதை அவர்கள் உணர்ந்து, ஓலமிட்டவாறு, எவராலும் தடுக்கவியலாதபடி, தம் மலைக்கிராமத்தை நோக்கி நடக்கின்றனர். உறவினர் அடையாளங் கண்டு பெயர் சொல்லி அழைக்கின்றனர். அவர்களோ தத்தம் புதைகுழியருகே விழுந்து மண்ணாகின்றனர்.

இந்த யோசப்பை நாம் அறிவோம். ஊரிலே ஆள் சேர்த்து, முற்பணம் கொடுத்துக் கடனாளியாக்கி, கூட்டிவந்து, பெரட்டுக் களத்தில் நிற்கும் ஆளுக்கு இவ்வளவு எனத் தலைக்காசு பெற்ற பெரிய கங்காணிக்கு அவன் தூரத்து உறவினன். கங்காணி வழங்கும் ‘துண்டு’ இன்றி வேறு தோட்டத்துக்கு ஒருவர் போக இயலாதிருந்த நிலை 1921இல்தான் சட்டத்தால் நீக்கப்பட்டது. இவ்வொப்புமையை அளவுக்கு மீறி இழுத்தலும் தவறு. எம் மூதாதையர் விலைக்கு வாங்கப்பட்ட அடிமைகள் அல்லர். குடும்பத்தோடு வந்தனர், மாரியம்மனையும் கூத்தையும் கூடவே கொணர்ந்தனர். அடிமையின் நிலையைச் ‘சமூக மரணம்’ என 1982இல் வெளியான தம் நூலில் விளக்கிய யமேக்காவைச் சேர்ந்த சமூகவியலாளர் ஒலாண்டோ பற்றர்சன், அதற்கு முக்கிய அறிகுறியொன்றாகப் பிறப்புவழி உறவுகள் அறுக்கப்படுவதைக் குறிப்பிடுவார். லயத்துக் காம்பராவில் உறவு அறுபடவில்லை. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தின்பின் அம்மக்களிற் பெரும்பாலோர் எந்த நாட்டுக்கும் உரியவரல்லாதாராய் வேலை செய்தனர். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தஞ் செய்தபோது 9,75,000 பேர் எண்ணப்பட்டு, அவர்களிற் பெரும்பாலோர் பங்கிடப்பட்டனர். அவர்களுள் எவரிடமும் விருப்பம் கேட்கப்படவில்லை. எஞ்சியிருந்தோரின் குடியுரிமைச் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தினாலேயே தீர்ந்தது.

உப்பு என்னும் இடத்திற் சற்று நிற்க வேண்டும். மானங்கெட்டவனை நோக்கிச் ‘சோற்றில் உப்புப் போட்டுத்தான் தின்கிறாயா’ என்று கேட்பது எம் மக்களின் வழக்கு. உணர்வும் உப்பும் ஒன்றென்பது தமிழ் மனத்தின் தீர்மானம். ஹெயிற்றிக் கிழவியும் இறக்குவானைக் கிழவியும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் இவ்விடயத்தில் இருவருக்கும் ஒரே கருத்து.

இத்தகைய கதையை ஹொலிவூட் என்ன செய்தது? 1932இல் விக்டர் ஹால்பெரின் இயக்கிய ‘வைற் ஸொம்பி’ இவ்வகையின் முதலாவது முழுநீளப் படமாகக் கருதப்படுகின்றது. பேலா லுகோசி ஏற்றிருக்கும் பாத்திரம் மந்திரவாதி மாத்திரமன்று, சீனி ஆலை முதலாளியுமாகும். தன் ஆட்கள் நீண்ட நேர வேலைக்கு முகஞ் சுழிப்பதில்லை என்று அவன் மற்றொரு தோட்டக்காரனுக்குப் பெருமை பேசுகிறான். ஆலைக் காட்சி ஒன்றுண்டு. இசை கிடையாது, மரச்செக்கு முனகும் ஒலி மட்டுமே. கூடை சுமந்து வரிசையாக வரும் பிணங்களுள் ஒன்று கால் இடறிச் செக்கினுள் விழுகிறது. செக்கு நிற்கவில்லை. மற்றவர் திரும்பியும் பாரார். ஓரிரு நிமிடக் காட்சியே எனினும், படத்தில் எஞ்சிய பகுதி மறந்தபின்னும் இது மறக்கப்படுவதில்லை. ஆனால் படத்தின் கவலை வேறு. வெள்ளை மணமகள் ஒருத்தி ஸொம்பியாக்கப்பட்டாள் என்பதே அங்கு பயங்கரம். தலைப்பே அதைக் கூறுகிறது. கறுப்பு ஸொம்பிகள் ஆலையின் தளபாடங்கள். அவளுக்கு உயிர் மீள்கிறது. ஆலையில் உழைத்தவர்களுக்கு உப்புக் கொடுக்க எவரும் நினைக்கவில்லை.

1943இல் வெளிவந்த ‘ஐ வோக்ட் வித் எ ஸொம்பி’ இதனினும் நாகரிகமான படம். அடிமை வணிகத்தின் நினைவு அதில் ஓர் நிழலாக உண்டு. 1966இல் இங்கிலாந்தின் ஹமர் நிறுவனம் எடுத்த ‘த பிளேக் ஒவ் த ஸொம்பீஸ்’, ஹெயிற்றியிலே வித்தை கற்றுவந்த பண்ணையார் தன் ஊரார் பிணங்களை எழுப்பித் தகரச் சுரங்கத்தில் வேலை வாங்குவதைச் சொல்கிறது. முதலாளியையும் பிணத்தையும் ஒருசேரக் காட்டும் மரபு ஏறத்தாழ இத்துடன் முடிவுறுகின்றது.

ஈராண்டு கழித்து, 1968 ஒக்டோபரில், ஜோர்ஜ் றொமேறோவின் ‘நைற் ஒவ் த லிவிங் டெட்’ வந்தது. ஏறத்தாழ 1,14,000 டொலர் செலவில், கறுப்பு வெள்ளையில், பிற்ஸ்பேர்க் நகரையடுத்த நாட்டுப்புறத்தில் எடுக்கப்பட்டது. இதில் மந்திரவாதி இல்லை; துரை இல்லை; தோட்டமும் இல்லை. பிணங்கள் தாமாக எழுந்து மனிதரைத் தின்கின்றன. படத்தில் எங்கேனும் ஸொம்பி என்ற சொல் வருவதில்லை. அது பார்வையாளரும் விமர்சகரும் பின்னர் சூட்டிய பெயர். ஏவுபவன் மறைந்தான், ஏவப்பட்டவன் எஞ்சினான். உழைக்கும் பிணம் தின்னும் பிணமாயிற்று. நண்பர் குறிப்பிட்ட அந்த ‘நியாயம்’ தொலைந்த இடம் இதுவே.

எனினும் படம் வென்றது. ஏன் என்பதற்குப் பார்வையாளர் பற்றிய குறிப்பொன்று உதவும். சிக்காகோ நகரத் திரை விமர்சகர் றொஜர் ஈபேர்ட் 1969 சனவரியில் எழுதிய கட்டுரை, படத்தைக் காட்டிலும் அரங்கைப் பற்றியே மிகுதியாகப் பேசியது. பகற்காட்சிக்கு வந்திருந்தோரிற் பெரும்பாலோர் சிறுவர். தொடக்கத்தில் மகிழ்ச்சியாகக் கூச்சலிட்ட அவர்கள் படம் செல்லச் செல்ல வாயடைத்துப் போயினர். அசையாதிருந்து அழுத சிறுமியொருத்தியை அவர் குறிப்பிடுகிறார். பேய்ப்படத்திலே இறுதியில் நல்லவர் தப்புவர் என்னும் உடன்படிக்கையை இப்படம் முறித்துவிட்டது. டுவான் ஜோன்ஸ் நடித்த பென் என்னும் கறுப்பின நாயகன் இரவு முழுவதும் வீட்டுக் கதவுகளுக்குப் பலகை அறைந்து தனியனாகத் தப்பிப் பிழைக்கிறான். விடிந்ததும் துப்பாக்கியேந்தி வரும் வெள்ளையர் கூட்டம் அவனையும் பிணமெனக் கருதிச் சுடுகிறது. கொளுக்கியால் இழுத்துத் தீயிலிடுகிறது. மாட்டின் லூதர் கிங் அவ்வாண்டு ஏப்ரல் 4இல் கொல்லப்பட்டார். படச்சுருளை எடுத்துக்கொண்டு நியூயோர்க் நோக்கிக் காரிற் சென்றுகொண்டிருந்தபோது வானொலியில் அச்செய்தியைக் கேட்டதாக றொமேறோ பின்னாளில் கூறியுள்ளார்.

எங்கள் தோட்டத்து மூதாட்டி ஒருவருக்கு இப்படத்தை ஒருமுறை காட்ட நேர்ந்தது. மொழி அவருக்கு விளங்காது, விளக்கவும் தேவைப்படவில்லை. பிணங்கள் வீட்டைச் சூழ்ந்தபோது அவர் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். காலையில் வந்த துப்பாக்கிக்காரரைக் கண்டதும் நிமிர்ந்தார். இரவில் வந்தது பிசாசு என்கிறாயே, காலையில் வந்தவர்கள் யார் என்று மட்டுமே கேட்டார். 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களும் தாக்கப்பட்டன. லயங்கள் எரிந்தன, குடும்பங்கள் தேயிலை மலையிலும் இறப்பர்க் காட்டிலும் இரவைக் கழித்தன, பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்தனர். சூழப்பட்ட வீடு என்பது அவர்களுக்குத் திரைக்கதை உத்தியன்று. வந்த கூட்டத்திலே அறிந்த முகங்களும் இருந்தன என்று அவர்கள் கூறுவர். நேற்றுவரை அயலவராக இருந்தவர் இன்று பெயர் சொல்லி அழைத்தாலும் அறியாதவராய் நெருங்கி வருதல்: இவ்வகைப் படங்களின் அச்சம் முழுவதும் இதிலே அடங்கும். பல்லும் இரத்தமும் ஒப்பனையாளரின் வேலை.

மெதுநடையா ஓட்டமா என்ற வாதத்தையும் இதன்வழியே நோக்கலாம். 2002இல் டனி பொயில் எடுத்த ‘28 டேய்ஸ் லேற்றர்’ வெறிநோய் கொண்டோரை ஓடவைத்தது. அவர்கள் பிணங்களே அல்லர். அதன்பின் ஓட்டமே வழக்காயிற்று. நடிகர் சைமன் பெக் 2008இல் பத்திரிகைக் கட்டுரையொன்றில் இதனை மறுத்து, மெதுநடையிலேயே சாவின் தவிர்க்கவியலாமையும் ஓர் இரங்கத்தக்க தன்மையும் உள்ளன என வாதிட்டார். என் தீர்ப்பும் அவர் பக்கமே. ஓடிவரும் உருவம் மிருகம். முகத்தைப் பார்க்க எமக்கு நேரம் தருவதில்லை. மெதுவாக வருபவனையோ ‘இவன் யார், முன்னர் என்ன வேலை செய்தவன்’ என்று பார்க்க முடிகிறது. கிழிந்த சீருடையும் கையிலுள்ள கருவியும் அதனைச் சொல்கின்றன.

இனித் தமிழுக்கு வருவோம். முருங்கை மரத்து வேதாளம் பிணத்திற் புகுந்திருப்பினும் நாவன்மை மிக்கது; அரசனையே விடுகதையால் திணறடிப்பது. எமது திரைப்பேயும் அதன் வழித்தோன்றலே. 2011இல் வந்த ‘காஞ்சனா’வின் பேய் தன் நிலம் பறிக்கப்பட்ட கதையை விரிவாகச் சொல்லிய பின்னரே பழிவாங்குகிறது. மலையகத் தோட்டங்களில் மாசி பங்குனியில் ஆடப்படும் காமன் கூத்திலோ எரிக்கப்பட்ட காமன் இரதியின் புலம்பலுக்கிரங்கி மூன்றாம் நாள் எழுப்பப்படுகிறான். அழுவதற்கு ஒருத்தி இருந்தமையால் எழுந்தவன் அவன். இம்மரபில் ஊறிய பார்வையாளர் வாய்பேசாத, வழக்கில்லாத பிணத்தை ஏற்கத் தயங்குவதில் வியப்பில்லை. அது இரசனைக் குறைவன்று.

2016இல் சக்தி சௌந்தர்ராஜன் இயக்கிய ‘மிருதன்’ இத்தயக்கத்தை எதிர்கொண்ட முதல் தமிழ்ப் படம். நாயொன்றிலிருந்து தொற்று பரவுகிறது. விசர்நாய்க்கடியை அறிந்த தோட்டத்துப் பார்வையாளருக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் வேண்டியதில்லை. போக்குவரத்துக் காவலனாகிய நாயகனே இறுதியில் கடிபட்டு மாறுவதும் துணிவான முடிவுதான். பாட்டும் காதலும் இடையில் வருவதைப் பலர் குறைகூறுவர். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. பெரிதாகத் தோன்றுவது கதை நிகழும் இடம். ஊட்டி நீலகிரியின் தேயிலை நாடு. 1964 ஒப்பந்தத்தின்படி இங்கிருந்து அனுப்பப்பட்டோரிற் பலர் குடியேறிக் கொழுந்தெடுப்பதும் அம்மலைகளிலேயே. தமிழில் முதன்முதலாக நடைப்பிணம் எழுந்தது ஒரு தேயிலை மலையில்! ஆயினும் படத்துக்கு அம்மலை பனிபடர்ந்த பின்னணி மாத்திரமே. தேயிலையைப் பறிப்பவர் எவரென அது கேட்கவில்லை. அதே ஆண்டில் வெளியாகிக் கொரியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்த ‘ட்ரெயின் டு பூசான்’ அவ்வகைக் கேள்வியைக் கேட்டது. தொற்றுக்குத் தன் பங்கும் காரணமெனத் தந்தை அறியும் இடமும், தப்பி வந்தோரை உள்ளே விடாது பயணிகள் ரயிற்பெட்டிக் கதவை அடைக்கும் இடமும் பார்த்தவர் மனத்தைவிட்டு அகலா. பயணிகள் பிணங்களைவிட அஞ்சத்தக்கவராகும் கணம் அது.

றொமேறோவும் தாம் அழித்த நியாயத்தைச் சிறிது சிறிதாக மீட்க முயன்றார் எனலாம். 1978இல் அவரது பிணங்கள் பழக்கத்தால் கடைத்தொகுதிக்குத் திரும்புகின்றன. 1985இல் பப் என்னும் பிணம் சவரக் கத்தியைக் கண்டு பழைய நினைவுடன் முகத்தருகே கொண்டுசெல்கிறது. 2005இல் வந்த ‘லாண்ட் ஒவ் த டெட்’ படத்திலே எரிபொருள் நிலைய ஊழியனின் உடையணிந்த கறுப்பினப் பிணமொன்று ஏனையவற்றைத் திரட்டிக்கொண்டு செல்வந்தர் வாழும் கோபுரத்தை நோக்கி நடக்கிறது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்து நாவில் உப்புப் பட்டது போலும்.

சீபுறூக் கூறிய கதையிலும் பிணங்கள் மண்ணானதோடு விடயம் முடியவில்லை. அடையாளங் கண்ட உறவினர் மலையிலிருந்து இறங்கிவந்து பாதையோரம் பதுங்கியிருந்தனர். ஓரிரவு அவ்வழியே வந்த யோசப்பின் தலையைக் கத்தியால் வெட்டி வீழ்த்தினர். நானறிந்த எந்தப் படமும் இப்பகுதியை எடுத்ததில்லை. கம்பனியோ அடுத்த பருவத்துக்கு வேறு ஆட்களைத் தேடியிருக்கும்.